களைநெல்: பயிரின் பங்காளி

பயிர்த்தொழில் செய்வோர் யாவரும் களையைப் பகையென்றே கருதுவர். அப்பகை எங்கிருந்து வந்தது என வினவினால், காற்றில் வந்தது, வாய்க்கால் நீரில் வந்தது, மாட்டின் குளம்பில் ஒட்டி வந்தது எனப் பலவாறு விடை கூறுவர். இவ்விடைகளில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் நெல் வயலில் பெருநஷ்டம் விளைவிக்கும் களைநெல்லைப் பொறுத்தமட்டில் இவ்விடைகள் போதா. களைநெல் பயிர்நெல்லுக்கு இரத்த உறவு. ஒரே பாட்டன் வழிவந்த பங்காளி. அயலான் எல்லைக்கல்லின் அருகே நின்று வழக்காடுவான்; பங்காளியோ வீட்டினுள் இருந்தபடியே பாகம் கேட்பான். ஆதலின் பங்காளி வழக்கு எளிதில் தீராது என்பது கிராமத்தார் யாவரும் அறிந்ததே.

களைநெல் நாற்றில் பயிரைப் போலவே தோன்றும். பயிருக்கு இட்ட எருவை உண்ணும். பயிருக்குப் பாய்ச்சிய நீரைக் குடிக்கும். பயிர் முற்றுவதற்கு முன்னரே தன் மணிகளை வயலில் உதிர்த்துவிடும். உதிராது எஞ்சிய சில மணிகள் அறுவடையில் கலந்து களத்துக்கு வந்து, அரவை ஆலையில் வெள்ளரிசியின் நடுவே சிவப்பு மணியாகத் தோன்றி விலையைக் குறைக்கும். அச்சிவப்பை நீக்க அதிகமாகத் தீட்டினால் நல்ல அரிசியும் நொறுங்கி நொய்யாகும். இவ்வாறு மகசூலிலும் விலையிலும் இருமுறை நஷ்டம் ஏற்படுகின்றது. பயிர்க்கடன் பெற்றுச் சாகுபடி செய்யும் அங்கத்தினருக்கு இந்நஷ்டம் தவணை தவறுவதில் சென்று முடியும். எனவே இக்களையின் வம்ச வரலாற்றை அறிதல் வீண் கல்வியாகாது. நோயின் மூலத்தை அறிந்த பின்னரே மருந்தைப் பற்றி யோசிக்க இயலும்.

இங்கு ஒரு சந்தேகத்தைத் தீர்த்தல் நலம். அரிசி சிவப்பாயிருப்பது மட்டும் குற்றமன்று. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் முதலியவை சிவப்பரிசி தருவன. அவை மதிப்புள்ள பயிர்கள். விதைக்காமல் முளைப்பதும், அறுப்பதற்கு முன் உதிர்வதும், பல காலம் மண்ணில் உறங்கிக் கிடப்பதுமே களைநெல்லின் இலக்கணங்கள்.

1. காட்டு நெல் வீட்டு நெல்லான வகை

காட்டில் வளரும் புல்லுக்கு விதைப்பவர் எவரும் இலர். தன் சந்ததியைத் தானே விதைத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் மணி முற்றியவுடன், மணிக்கும் காம்புக்கும் இடையே ஒரு மெல்லிய படலம் உண்டாகி, சிறு காற்றுக்கும் மணி உதிர்ந்து விழும். விழுந்த மணிகள் யாவும் ஒரே மழையில் முளைத்தால் அடுத்து வரும் வறட்சியில் யாவும் மடியும். ஆகையால் சில இவ்வாண்டும், சில மறு ஆண்டும், சில அதற்குப் பின்னரும் முளைக்கும்படி விதை உறக்கம் என்னும் குணம் அமைந்துள்ளது. மணியின் நுனியில் உள்ள நீண்ட வால் பறவைகளுக்கு இடையூறாக நின்று காக்கும். உதிர்வும் உறக்கமும் வாலும் காட்டு நெல்லுக்கு உயிர்காக்கும் குணங்கள்.

பூர்விக மனிதர் இப்புல்லின் மணிகளைச் சேகரித்து உண்டனர். பின்னர் அவற்றில் ஒரு பங்கை விதைக்கத் தொடங்கினர். அப்போது அவர்கள் அறியாமலே ஒரு தேர்வு நிகழ்ந்தது. எளிதில் உதிரும் மணிகள் மண்ணில் விழுந்து ஒழிந்தன. கதிரிலேயே நின்ற மணிகள் அறுப்பவர் கைக்கு அகப்பட்டன. கைக்கு வந்தவையே மறுபோகத்துக்கு விதையாயின. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக உதிராத நெல் பெருகிற்று. மனிதன் கருதாமலே செய்யும் இத்தேர்வைச் சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலில் எடுத்து விளக்கினார்.

இம்மாறுதல் ஒரே நாளில் நிகழவில்லை. சீன தேசத்தில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள தியான்லுவோஷான் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுத்த பழைய நெல்லுமிகளை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2009-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 6,900 ஆண்டுகளுக்கு முன் அங்கே உதிராத நெல் நூற்றுக்கு 27 பங்காயிருந்தது. 300 ஆண்டுகள் கழிந்த பின் அது 39 பங்காயிற்று. பத்துத் தலைமுறை மனிதர் உழைத்தும் ஏறியது 12 பங்கே. இன்று கதிரில் மணி நிற்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஆனால் அது எண்ணற்ற முன்னோர் சேர்த்துவைத்த சொத்தாகும்.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் குணங்களைக் கொண்டுசெல்லும் கூறுகளுக்கு மரபணுக்கள் என்று பெயர். நெல்லில் உதிர்வைக் குறைத்த முக்கியமான மரபணு மாறுதல்களை 2006-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அரிசியின் தோலைச் சிவப்பாக்கும் மரபணுவும் அதே காலத்தில் அறியப்பட்டது. அம்மரபணுவில் ஒரு சிறு துண்டு அறுபட்டதால்தான் பெரும்பாலான வெள்ளரிசி வகைகள் தோன்றின. சிவப்பை உண்டாக்கும் அக்கூறே விதை உறக்கத்துக்கும் உதவுகின்றது என்பது 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியால் விளங்கிற்று. களைநெல் பெரும்பாலும் சிவந்திருப்பதன் காரணம் இதனால் ஒருவாறு புலனாகும்: அச்சிவப்பும் மண்ணில் உறங்கும் ஆற்றலும் ஒரே வேரினின்று வருவன.

2. களை எடுக்கும் கையும் தேர்வு செய்கின்றது

அறுக்கும் கை பயிரை மாற்றியது போலவே, களை பறிக்கும் கை களையை மாற்றுகின்றது. குதிரைவாலியின் இனத்தைச் சேர்ந்த களைப்புல் இதற்குத் தக்க சான்றாகும். நெல்லும் இதுவும் புல்குலத்தனவே எனினும் நெருங்கிய உறவல்ல. வயலின் வெளியே வளரும்போது இப்புல்லின் தூர்கள் தரையோடு படர்ந்து விரியும். தூரின் அடி சிவந்திருக்கும். ஆனால் நெல் வயலின் நடுவே காணப்படும் சில வகைகளின் தூர்கள் நெல்லைப் போல நேராக நிமிர்ந்து நிற்கும், அடியும் பசுமையாயிருக்கும். கதிர் வாங்கும் வரையில் தேர்ந்த கண்ணும் இவற்றைப் பிரித்தறிய இடர்ப்படும்.

இவ்வேஷம் எவ்வாறு வந்தது? யாங்சி ஆற்றுப் பிரதேசத்தில் திரட்டிய 328 புல் மாதிரிகளின் மரபணுக்களைச் சீன ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டு, 2019-இல் முடிவை வெளியிட்டனர். நெல்லைப் போல் வேஷமிடும் வகை ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்பது அவர்கள் கணிப்பு. அக்காலம் சோங் அரசர்களின் ஆட்சிக்காலம். அப்பிரதேசத்தில் மக்கள் பெருகி நெற்சாகுபடி மும்முரமடைந்த காலம். அரிசிக்குத் தேவை மிகவே, குடியானவர்கள் குனிந்து குனிந்து களை எடுத்தனர். படர்ந்து நின்றதும் சிவந்து நின்றதும் கண்ணுக்குத் தெரிந்து பிடுங்கப்பட்டன. தற்செயலாக நிமிர்ந்து பச்சையாய் நின்ற சில செடிகள் தப்பி விதை விட்டன. அவற்றின் பிள்ளைகளுள் இன்னும் நெல்லை ஒத்தவை தப்பின. புல்லுக்குச் சூது தெரியாது. ஏமாற்றும் எண்ணமும் கிடையாது. கண்டதைப் பிடுங்கியமையால் காணாதது நின்றது, நின்றது பெருகிற்று.

இதனின்று களை எடுப்பது வீண் எனக் கொள்ளலாகாது. களை எடுக்காத வயலில் பயிரே நில்லாது. ஒரே முறையை ஒரே பருவத்தில் ஓயாது கையாண்டால், அம்முறைக்குத் தப்பும் களையே காலப்போக்கில் மிஞ்சும் என்பதே அறியத்தக்கது.

3. களை பயிரானதும், பயிர் களையானதும்

பயிருக்கும் களைக்கும் இடையேயுள்ள வேலி எவ்வளவு மெலிந்தது என்பதை ரஷ்ய தாவர சாஸ்திரி நிகோலாய் வாவிலோவ் காட்டினார். அவர் 1916-இல் பாரசீகத்திலும் பாமீர் மலைநாட்டிலும் யாத்திரை செய்தபோது, கோதுமை வயல்களில் ரை என்னும் தானியப் புல் களையாக நிற்பதைக் கண்டார். தாழ்ந்த நிலத்தில் அது சிறிதளவே இருந்தது. மலையில் ஏற ஏறக் குளிர் மிகுந்தது. குளிரைத் தாங்காத கோதுமை குன்ற, அதைத் தாங்கும் ரை மிகுந்தது. கோதுமையை விதைத்தவர் ரையை அறுத்தனர். முடிவில் அதனையே பயிராக ஏற்றனர். ரை களையாயிருந்து பயிரான வரலாற்றை வாவிலோவ் 1917-இல் எழுதி வெளியிட்டார். இன்றும் ரஷ்யா, போலந்து, ஜெர்மனி முதலிய குளிர் தேசங்களில் அத்தானியத்தால் ரொட்டி செய்கின்றனர். கோதுமையோடு சேர்த்தே அறுத்து, சேர்த்தே புடைத்து, சேர்த்தே விதைத்தமையால், ரையின் மணி பெரிதாகவும் உதிராததாகவும் ஆயிற்று. களை எடுப்பவர் கை மட்டுமன்றி, முறமும் சல்லடையும் கூடத் தேர்வு செய்கின்றன என்பது இதனால் பெறப்படும். பயிரை ஒத்து வாழும் களையின் வேஷத்துக்கு அறிஞர் வாவிலோவின் பெயரையே இட்டு வழங்குகின்றனர்.

களை பயிராக உயர்ந்தது போலவே, பயிர் களையாக இறங்கியதும் உண்டு. களைநெல்லின் கதை இதுவே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் சிவப்புக் களைநெல் ஒரு தொல்லையாயிருந்ததை 1846-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்துள்ளனர். இன்று அந்நாட்டின் நெல் விளைவில் முதலிடம் வகிக்கும் ஆர்கன்ஸா மாகாணத்திலும் அதன் அண்டை மாகாணங்களிலும் அது முக்கியமான களை. அமெரிக்கா நெல்லின் தாயகமன்று. நெல்லின் நேரான மூதாதையாகிய காட்டு நெல் அங்கே கிடையாது. அவ்வாறாயின் களைநெல் எங்கிருந்து வந்தது?

மரபணு ஆராய்ச்சி இதற்கு விடை கூறிற்று. அந்நாட்டுக் களைநெல்லில் பெரும்பான்மை இரு கூட்டத்தைச் சேர்ந்தது. வைக்கோல் நிற உமி உடைய கூட்டம் இண்டிகா நெல்லின் வழிவந்தது. கறுப்பு உமியும் வாலும் உடைய கூட்டம், வங்காளப் பகுதியில் பயிராகும் ஆஸ் என்னும் நெல்லின் வழிவந்தது. அமெரிக்கக் குடியானவர் பெரும்பாலும் பயிரிட்டதோ ஜப்பானிகா என்னும் வேறு பிரிவு. எனவே ஆசியாவிலிருந்து சென்ற விதைத் தானியத்தில் கலந்து இவை கடல் கடந்தன என்பதே பொருந்தும் விளக்கமாகும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. இக்களைநெல்லில் உதிர்வைக் குறைக்கும் பழைய மரபணு மாறுதல் இன்றும் இருக்கின்றது. அஃதாவது, இவை ஒரு காலத்தில் மனிதன் வளர்த்த பயிராயிருந்தமைக்கு அத்தாட்சி இவற்றின் உடலிலேயே உள்ளது. ஆயினும் இவை உதிர்கின்றன. வேறு மரபணுக்களில் நிகழ்ந்த மாறுதலால், பூட்டிய கதவை விட்டு வேறு வழியாக அப்பழைய குணத்தை மீட்டுக்கொண்டன. முன்னோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சேர்த்த சொத்து, கவனிப்பாரற்றபோது மிகக் குறுகிய காலத்தில் கரைந்துபோகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4. குறுக்கு வழிகளின் முடிவு

இப்பங்காளியை எளிதில் விலக்கலாம் என எண்ணிச் செய்த சில முயற்சிகளும் படிப்பினை தருவன.

மத்திய இந்தியாவில், இன்று சத்தீஸ்கர் என வழங்கும் பகுதியில், கர்கா என்னும் காட்டு நெல் வயல்களில் மிகுதி. பசிய நாற்றின் நடுவே அதனைப் பிரித்தறிய இயலாமையால், இலை ஊதா நிறமாயுள்ள நெல் வகைகளைப் பயிரிட்டனர். ஊதாப் பயிரின் நடுவே பச்சையாய் நின்றதெல்லாம் களை; குழந்தையும் பிடுங்கலாம். உபாயம் நல்லதே. ஆனால் நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் எனினும், நூற்றில் ஒன்றுக்கும் குறைவான அளவில் அண்டைச் செடியின் மகரந்தமும் சேர்வதுண்டு. அச்சிறு வழியாக ஊதா நிறம் காட்டு நெல்லிலும் ஏறிற்று. ஊதா நிறமான களைகள் கண்ணுக்குத் தப்பி நின்றன, பச்சையானவை பிடுங்கப்பட்டன. அதே நெல்லை ஓயாது பயிரிட்ட இடங்களில் சில ஆண்டுகளில் அடையாளம் பயனற்றதாயிற்று.

அமெரிக்காவில் இதே பாடம் வேறு உருவில் நிகழ்ந்தது. அங்கே 2002-ஆம் ஆண்டு முதல், இமிடசோலினோன் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் நெல் வகைகள் விற்பனைக்கு வந்தன. அம்மருந்தைத் தெளித்தால் களைநெல் மடியும், பயிர் மடியாது. முதலில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் தெளிப்புக்குத் தப்பிய ஒன்றிரண்டு களைச்செடிகள் பயிரோடு கலந்து, தாங்கும் குணத்தைப் பெற்றன. சில ஆண்டுகளிலேயே மருந்துக்கு மடியாத களைநெல் வயல்களில் தோன்றிற்று. 2006-இல் இவ்வகைகளை ஏற்ற இத்தாலியிலும் இதுவே நேர்ந்தது. அயல் இனக் களையாயின் பயிரிடமிருந்து இவ்வாறு குணத்தைக் கடன் வாங்க இயலாது. பங்காளிக்கு அது கைகூடும். இந்தியாவிலும் பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்னும் இத்தகைய வகைகளை இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டுள்ளது. இவை அயல் மரபணு புகுத்தாமல் உண்டாக்கியவை. இவ்வகைகளைப் பயிரிட விரும்புவோர், தப்பிய களைநெல்லைப் பூக்குமுன் கையால் நீக்குதலும், ஆண்டுதோறும் ஒரே மருந்தை நம்பாதிருத்தலும் இன்றியமையாதன என்பதை அமெரிக்க அனுபவத்தால் அறியலாம்.

சாகுபடி முறை மாறினாலும் களை மாறும். மலேயா நாட்டில் 1980-க்குப் பின், ஆட்பற்றாக்குறையால் நடவை விட்டு நேரடி விதைப்பை மேற்கொண்டனர். 1988-இல் சிலாங்கூர் பிரதேசத்தில் களைநெல் தொல்லை முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. காற்றடித்தால் உதிர்வதால் அதற்குக் காற்று நெல் என்று பொருள்படும் பெயரை மலாய் மக்கள் இட்டனர். நடவு முறையில் நாற்று மூத்திருக்கும். வயலில் நீர் நிற்கும். புதிதாய் முளைக்கும் களைநெல் அந்நீரில் அமுங்கும். வரிசைக்கு வெளியே முளைப்பது கண்ணுக்குத் தெரியும். நேரடி விதைப்பில் பயிரும் களையும் ஒரே நாளில் ஒன்றாக முளைக்கும். இக்காவல்கள் யாவும் நீங்கும். கூலி மிகுந்த காலத்தில் நேரடி விதைப்பை விலக்க இயலாமலிருக்கலாம். ஆனால் நடவு செய்த காவலை வேறொன்று செய்தல் வேண்டும். அக்காவல் தூய விதையே.

5. உறவினால் விளைந்த நன்மை

பங்காளியால் தீமையே விளையும் என்பதில்லை. நாணல் இனத்தைச் சேர்ந்த பேய்க்கரும்பு மத்திய இந்தியாவில் கான்ஸ் என்னும் பெயருடன் நிலத்தைப் பாழாக்கும் கொடிய களை. அதன் கிழங்குவேர் ஆழச் சென்று கலப்பைக்குத் தப்பும். அது கரும்பின் உறவு. கோயமுத்தூரில் 1912-இல் நிறுவப்பட்ட கரும்பு அபிவிருத்தி நிலையத்தில் சி. ஏ. பார்பர், டி. எஸ். வெங்கடராமன் ஆகியோர், சாறு மிகுந்த கரும்போடு இக்காட்டுப் புல்லை மணம் கூட்டினர். அதனின்று பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918-இல் வட இந்தியச் சாகுபடிக்கு வெளிவந்தது. கரும்பின் இனிமையும் காட்டுப் புல்லின் உறுதியும் அதில் ஒருங்கே அமைந்தன. ஆகவே உறவுப் புற்களை உலகத்தினின்றே ஒழித்தல் நோக்கமன்று. அவை ஆற்றங்கரையிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் இருக்கலாம். விதைக் குதிரில் இருத்தல் கூடாது.

6. ஒரு விதைக் கணக்கு

விதைத் தூய்மையின் பெருமை கணக்கினால் விளங்கும். நடுத்தர நெல்லில் 1,000 மணி ஏறத்தாழ 25 கிராம் நிறுக்கும். ஒரு கிலோவில் 40,000 மணிகள் இருக்கும். ஏக்கருக்கு 25 கிலோ விதை எனக் கொண்டால், ஒரு ஏக்கரில் விழுவது 10 லட்சம் மணி.

ஓர் அங்கத்தினரின் சொந்த விதையில் ஆயிரத்துக்கு ஒன்று களைநெல் எனக் கொள்வோம். கண்ணால் பார்த்தால் அவ்விதை சுத்தமாகவே தோன்றும். ஆனால் ஏக்கருக்கு 1,000 களைமணிகள் விழும். பாதி செடியாயின் 500 செடி. செடி ஒன்றுக்கு 100 மணியே உதிர்ந்ததாக வைத்தாலும் 50,000 மணி மண்ணில் சேரும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆக, ஒரே போகத்தில் சதுர அடிக்கு ஒன்றுக்கும் மேலாகக் களைவிதை பரவிவிடும்.

இந்திய விதைச் சான்றளிப்பு விதிகளின்படி, சான்று பெற்ற நெல் விதையில் காட்டு நெல் கிலோவுக்கு 5 மணிக்கு மேல் இருத்தல் கூடாது. அவ்வெல்லை முழுவதும் இருந்தாலும் ஏக்கருக்கு 125 மணியே விழும். அவற்றில் முளைக்கும் அறுபது செடிகளைப் பூக்கும் தறுவாயில் பிடுங்கி முடிக்கலாம். ஐந்நூறு செடிகளைப் பிடுங்குவது கடினம். ஐம்பதினாயிரத்தைப் பிடுங்குவது இயலாது. விதை வாங்கும்போது மிச்சப்பட்டதாகத் தோன்றும் சிறு தொகை, மூன்றாம் போகத்தில் பன்மடங்காகச் செலவாகும் என்பதை இக்கணக்கு காட்டும்.

7. சங்கம் செய்யத்தக்கன

களைநெல்லை ஒருவர் தனித்து ஒழிக்க இயலாது. ஒருவர் வயலைத் துப்புரவாக வைத்திருந்தாலும், அண்டை வயலில் அறுத்த இயந்திரம் கழுவப்படாமல் அவர் வயலில் இறங்கினால் உழைப்பு வீணாகும். ஒருவர் கலப்பு விதையைக் கைமாற்றாகக் கொடுத்தால், அது மூன்று போகத்தில் ஊர் முழுவதும் பரவும். எனவே இது சங்கத்தின் பொதுக் காரியமாகும். பஞ்சாயத்தாரும் அங்கத்தினரும் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நன்று.

முதலாவது, விதைக்கென ஒரு வயலைத் தனியே குறித்து, அதில் சான்று பெற்ற விதையை வரிசையாக நடுதல். தூர் கட்டும்போதும், பூக்கும்போதும், கதிர் பழுக்கும்போதும் மூன்று முறை அவ்வயலில் நடந்து, உயரத்தாலும் உமியின் நிறத்தாலும் வாலாலும் வேறுபட்ட கலவன் செடிகளை வேரோடு நீக்குதல். மணி முற்றிய பின் பிடுங்கினால், பிடுங்கும் கையே விதைத்துவிடும்.

இரண்டாவது, விதையைச் சங்கம் ஏற்கும்போது, ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் கையளவு எடுத்து, உமி நீக்கி, சிவப்பு மணிகளை எண்ணுதல். வெள்ளரிசி நெல்லுக்கு இச்சோதனை செலவில்லாதது. உப்பு நீரில் இட்டுப் பதரை நீக்கும் வழக்கம் நல்லதே. ஆனால் நிறைமணியான களைநெல் அதில் மிதவாது என்பது நினைவிலிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, அறுவடை இயந்திரம், கதிரடிக்கும் களம், சாக்கு, வண்டி ஆகியவற்றைத் துடைத்துத் தூற்றிய பின்னரே அடுத்த வயலுக்கு அனுப்புதல். களைநெல் உள்ள வயலை அன்றைய வரிசையில் கடைசியாக அறுத்தல்.

நான்காவது, தொல்லை மிகுந்த வயலில் அறுவடை முடிந்தவுடன் ஆழ உழாதிருத்தல். மேலே கிடக்கும் மணியைப் பறவையும் எலியும் உண்ணும். ஆழப் புதைந்த மணி பல ஆண்டுகள் உறங்கி எழும். அடுத்த போகத்துக்கு முன் நீர் பாய்ச்சி, களைநெல்லை முளைக்கச் செய்து, முளைத்ததைச் சேற்றில் உழுது அழித்தல்.

ஐந்தாவது, ஆண்டுதோறும் ஒரே முறையைக் கையாளாதிருத்தல். நேரடி விதைப்புக்குப் பின் ஒரு போகம் நடவு, நெல்லுக்குப் பின் உளுந்து அல்லது பயறு என மாற்றினால், எந்த ஒரு குணமும் களைக்கு நிலையான லாபம் தராது. பயற்று வயலில் தோன்றும் நெற்செடி எவ்வேஷமிட்டாலும் தப்பாது.

களையின் குணம் காலந்தோறும் மாறுவது. அதனை மாற்றுவது பெரும்பாலும் மனிதன் செய்கையே. அறியாமல் செய்த தேர்வு களையைப் பயிரின் வேஷத்தில் வளர்த்தது. அறிந்து, கூடி, ஒழுங்காகச் செய்யும் தேர்வு பயிரைக் காக்கும். விதைக் குதிரின் திறவுகோல் யார் கையிலிருக்கின்றதோ, அவர் கையிலேயே மறுபோகத்தின் களையும் இருக்கின்றது.

சங்கக் கூட்டத்தில் வினவத்தக்க கேள்விகள்

1. காட்டு நெல்லுக்கு உதிர்வும் விதை உறக்கமும் எவ்வாறு உதவுகின்றன? அவை பயிர்நெல்லில் குறைந்தது எதனால்?

2. களைப்புல் நெல்லைப் போல் தோன்றுவதற்குக் களை எடுப்பவரே காரணமாயினர் என்பது எங்ஙனம்?

3. ஊதா நெல்லும் களைக்கொல்லியைத் தாங்கும் நெல்லும் களைநெல்லை நெடுங்காலம் தடுக்க இயலாமைக்குப் பொதுவான காரணம் யாது?

4. இவ்வூரில் சென்ற போகத்தில் விதை எங்கிருந்து வந்தது? ஒரு கிலோவில் எத்தனை சிவப்பு மணி இருந்ததென எவரேனும் எண்ணினரா?